ஒரு மணி நேரச் சுவர்

இருட்டுவதற்குள் பன்னிரண்டு பலகைகள் சீலிங்குக்கு ஏறியாக வேண்டும் என்பது உத்தரவு. ஐந்தாவதிலேயே ஆட்களுக்கு நாக்குத் தள்ளிவிட்டது.

பலகை என்றால் மரம் இல்லை. இரண்டு தடித்த காகிதங்களுக்கு நடுவே ஜிப்சம் மாவை இறுக்கி வார்த்த போர்டு. இப்போது கட்டுகிற வீடுகளில் பாதிச் சுவர் இதுதான், கூரையின் உள்பக்கம் முழுக்க இதுதான். தலையில் சும்மாடு வைத்துக்கொண்டு சாரத்தின் மேல் இரண்டு பேர் ஆளுக்கொரு முனையில் நின்று, பலகையை உச்சந்தலையால் முட்டுக்கொடுத்து இரும்புச் சட்டத்தோடு ஒட்டிப் பிடிப்பார்கள். மூன்றாவது ஆள் மெஷினால் ஸ்குரூ இறக்குவார். முதல் பத்து ஸ்குரூ இறங்கும்வரை அந்தக் கனம் முழுதும் இரண்டு கழுத்துகளில்தான். அதற்குப் பிறகு நான். பலகையும் பலகையும் சேரும் இடுக்கில் பட்டி நிரப்பி, டேப்பு ஒட்டி, மேலே மூன்று முறை பட்டி இழுத்து, ஒவ்வொரு ஸ்குரூவின் தலையையும் மூடி, காய்ந்ததும் தேய்ப்பேன். கையைத் தூக்கியபடியே எட்டு மணி நேரம். தூள் கண்ணில் விழும், பல்லிடுக்கில் நறநறக்கும். என் வேலை நன்றாக இருந்தால் நான் அங்கே இருந்ததே யாருக்கும் தெரியாது. பல வருஷம் அதில் எனக்கு ஒரு கர்வம் இருந்தது.

"பலகையா இது, பாறாங்கல்லா?" என்றான் பாரம், ஆறாவது பலகைக்கு அடியிலிருந்து. எதைத் தூக்கினாலும் முனகாதவன் என்பதால் வந்த பெயர் அது. அவன் முனகி அன்றுதான் கேட்டேன்.

"வயசாகுதுப்பா உனக்கு" என்றார் ஸ்குரூ அடிப்பவர். அவரை எட்டங்குலம் என்றுதான் கூப்பிடுவோம். சீலிங்கின் ஓரத்தில் எட்டு அங்குலத்துக்கு ஒரு ஸ்குரூ என்றால் எட்டே அங்குலம்தான் அவருக்கு. அளவு குறித்த ஒரு குச்சியை எப்போதும் காதில் செருகியிருப்பார். கல்யாணத்தன்றும் செருகியிருந்தார் என்று அவர் மனைவி சத்தியம் செய்வாள்.

"வயசு ஒண்ணும் இல்லண்ணே. நெசமாவே கனம்."

"ரோஸ் போர்டு கனமாத்தான் இருக்கும். தீ தாங்குற பலகைடா இது."

"நம்ம வீடுகளுக்கு அடிச்சதும் ரோஸ் போர்டுதானே?"

பலகை பாரத்தின் தலையில் இருந்தது. எட்டங்குலத்தின் கையில் மெஷின் சுற்றாமல் நின்றது. பாரம் கழுத்தை அசைக்க முடியாமல், கண்ணை மட்டும் என் பக்கம் திருப்பி, மெதுவாகச் சொன்னான்:

"மூணு வருஷம் முன்னாடி நாம இதைத் தூக்கவே இல்லையே."

என் கையிலிருந்த பட்டித் தகடு தானாகச் சட்டியில் இறங்கியது.

பத்தொன்பது நாள் முன்பு எங்கள் குடியிருப்பில் தீப்பிடித்தது. எங்களுக்கென்று முதலாளி கட்டிக்கொடுத்த எட்டு அறை வரிசை அது. கட்டியதும் நாங்கள்தான். நாலாம் அறை பூட்டியிருந்தபோது வயரில் பொறி கிளம்பியிருக்கிறது. பகல் இரண்டு மணி. ஐந்தாம் அறையில், ஆஸ்பத்திரியில் ராத்திரி துப்புரவு வேலை முடித்துவந்த பாரத்தின் மனைவி தூங்கிக்கொண்டிருந்தாள். இரண்டு அறைக்கும் நடுவே இருந்தது ஒரு மணி நேரச் சுவர். ஒரு பக்கம் தீ எரிந்தால் மறுபக்கத்துக்கு ஒரு மணி நேரம் விடாது என்று கணக்குப் போட்டுக் கட்டுகிற சுவர். மேலே சீலிங்கும் அப்படித்தான். ஜிப்சத்துக்குள் தண்ணீர் ஒளிந்திருக்கிறது. சூடு பட்டால் அது வியர்த்து ஆவியாகும். வியர்த்துத் தீரும்வரை சுவர் தாங்கும். தீ தாங்கும் பலகை கனமாகவும் தடியாகவும் இருக்கும். உள்ளே முடி மாதிரி கண்ணாடி நார் ஓடும். தண்ணீர் வற்றினாலும் நார் இழுத்துப் பிடித்துக்கொள்ளும். சாதாரணப் பலகை வற்றியதும் வெடித்து உதிர்ந்துவிடும்.

எங்கள் சுவர் கால் மணி நேரம்தான் நின்றது. கதவை உடைத்து உள்ளே போவதற்குள் சீலிங் அவள் முதுகில் விழுந்தது. உயிரோடு இருக்கிறாள். இன்னும் குப்புறத்தான் படுத்திருக்கிறாள்.

அந்தச் சுவருக்குப் பட்டி பார்த்தது நான். அதற்கு முன்பு நான் செய்த இன்னொரு வேலையும் இருந்தது. அதைப் பத்தொன்பது நாளாக எனக்கே நான் சொல்லிக்கொள்ளவில்லை.

டீ நேரத்தில் முதலாளி வந்தார். சாதாரணமாகச் சாரத்திலிருந்து எங்களை இறங்கச் சொல்லமாட்டார். கீழே நின்று அண்ணாந்து பேசுவதுதான் அவர் வழக்கம். அப்படியும் அவர்தான் மேலே இருப்பதுபோல் தோன்றும்.

"பட்டிக்காரம்மா, கொஞ்சம் கீழ வா."

இறங்கினேன். கையில் ஒரு காகிதம் கொடுத்தார். அதில் தட்டச்சு செய்திருந்தது இதுதான்: ஸ்குரூக்களின் இடைவெளி அளவுக்கு மேல் இருந்ததால் சீலிங் முன்கூட்டியே விழுந்தது. இது சம்பந்தப்பட்ட தொழிலாளியின் கவனக்குறைவு. ஒவ்வொரு ஸ்குரூவையும் பட்டியால் மூடியவள் என்ற முறையில் இதை நான் நேரில் கண்டேன். கீழே என் பெயர், கையெழுத்துக்கு ஒரு கோடு.

"படிச்சிட்டியா?"

"படிச்சேன்."

"நாளைக்குப் பத்து மணிக்கு தீயணைப்பு அதிகாரி வராரு. இதைக் கொடுத்துட்டா விசாரணை முடிஞ்சிரும். எல்லாருக்கும் நிம்மதி."

"இவர் ஸ்குரூ தப்பா அடிச்சார்னு நான் எப்போங்க சொன்னேன்?"

"இனிமே சொல்லப் போறே." அவர் குரல் ஏறவே இல்லை. "இங்க பாரும்மா, வீடு உங்களுக்கு வேலையோட சேர்த்துக் கொடுத்தது. வேலை இருக்குற வரைக்கும்தான் வீடு. தப்பு ஆள் மேலன்னா அந்த ஆளோட போயிடும். கட்டடத்து மேலன்னா, வரிசையவே இடிக்கச் சொல்லிடுவாங்க. மிச்ச குடும்பமும் தெருவுல நிக்கும். உனக்கு எது தேவலை?"

மேலேயிருந்து எட்டங்குலம் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். காதிலிருந்த குச்சியை எடுத்து நீட்டினார்.

"ஐயா, நான் அடிச்ச எந்தச் சீலிங்கை வேணா அளந்து பாருங்க. ஒரு நூல் தள்ளியிருந்தா என் விரலை வெட்டிக்கிறேன்."

"விரலை நீயே வச்சிக்கோ. மெஷினை மட்டும் இறக்கிக் கொடுத்துட்டுப் போ. இன்னையோட உனக்கு இங்க வேலை இல்லை."

"அளக்க வேணாமா?"

"எரிஞ்சு போன சீலிங்கை எங்க போய் அளப்பே?"

உண்மைதான். நாலாம் அறையும் ஐந்தாம் அறையும் இப்போது வெறும் தரை. வெளியாட்களை வைத்து மூன்றே நாளில் குப்பையை அள்ளிவிட்டார்கள். இரண்டு ஓரத்திலும் மூன்றாம், ஆறாம் அறைகளை ஒட்டிய சுவர்களில் புதுப் பலகையும் அடித்துவிட்டார்கள். அப்போது இந்த வேகத்துக்காக நாங்கள் முதலாளியைப் பாராட்டினோம்.

"என் சம்சாரம் எரிஞ்சது ஸ்குரூவாலயா?" என்றான் பாரம். சாரத்தின் மேலிருந்து குரல் மட்டும் வந்தது.

"உன் வருத்தம் எனக்குப் புரியுதுப்பா. அதான் குத்தவாளியைக் கண்டுபிடிச்சுக் கொடுத்திருக்கேன்." அவர் என் பக்கம் திரும்பினார். "காலையில ஒம்பது மணிக்கு வந்து வாங்கிக்கிறேன். கறை படாம வச்சிரு."

எட்டங்குலம் மெஷினை இறக்கி வைத்தார். அதன் வயரை ஒழுங்காகச் சுற்றி, முடிச்சுப் போட்டு வைத்துவிட்டுப் போனார்.

அறைக்கு வந்தபோது வெயில் இன்னும் இருந்தது. நான் ஏழாம் அறை. என் நாத்தனார் என்னோடு இருக்கிறாள். அவள் அண்ணன், என் கணவர், வெளியூரில் வயரிங் வேலையில் இருக்கிறார். அவள் தையல் கம்பெனியிலிருந்து வந்து, காலை நீட்டி உட்கார்ந்து, காகிதத்தைப் படித்துவிட்டு மடித்து என் மடியில் போட்டாள்.

"கையெழுத்துப் போடப் போறியா அண்ணி?"

"தெரியல."

"தெரியலைன்னா போடப் போறேன்னு அர்த்தம்."

நான் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கும் எட்டாம் அறைக்கும் நடுவில் உள்ள சுவர். அடுத்த அறையில் எட்டங்குலத்தின் இருமல் கேட்டது. என் சொந்த அறை என்பதால் அந்தச் சுவருக்கு ஒரு கை கூடுதலாகப் பட்டி இழுத்திருந்தேன். விளக்கைச் சாய்த்துப் பிடித்தாலும் இணைப்பு தெரியாது. வருகிறவர்களிடம் "எங்க சேர்ந்திருக்கு, காட்டுங்க பார்ப்போம்" என்பேன். யாராலும் காட்ட முடியாது. என்னாலும் முடியாது. அவ்வளவு நன்றாக மூடிவிட்டேன்.

மூன்று வருஷம் முன்பு, இந்த வரிசைக்குப் பலகை வந்து இறங்கிய அன்று, முதலாளி என்னை மட்டும் தனியாகக் கூப்பிட்டார். "பலகை முகப்புக்கு ஒரு கோட் ப்ரைமர் போட்டுரு. கொஞ்சம் ரோஸ் கலந்து போடு. பார்க்க வர்றவங்களுக்கு ஒரே மாதிரி இருக்கட்டும்" என்றார். வாளியில் வெள்ளை ப்ரைமரை ஊற்றி, சிவப்புச் சாயத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் குச்சியால் கலக்கியது நான். எத்தனை சொட்டுக்கு அசல் ரோஸ் வரும் என்று பார்த்துப் பார்த்துக் கலக்கினேன். நன்றாக வந்தபோது சந்தோஷப்பட்டேன். அதைத்தான் என்னால் இப்போது தாங்க முடியவில்லை. ஏமாற்றுகிறோம் என்று தெரிந்து செய்திருந்தால் பயமாவது இருந்திருக்கும். எனக்கு இருந்தது வேலை சுத்தமாக வந்த சந்தோஷம். ஏன் என்ற கேள்வி நாக்கின் நுனிவரை வந்தது. அதையும் பட்டி போட்டு மூடினேன்.

"அண்ணி, ஏன் இப்படி உட்கார்ந்திருக்கே? பேயறைஞ்ச மாதிரி?"

சொன்னேன். முதல்முறையாக வாய்விட்டுச் சொன்னேன். நாத்தனார் எழுந்து, என் பையைத் துழாவி, பலகை அறுக்கும் சிறு ரம்பத்தை எடுத்து என் கையில் வைத்தாள்.

"மூணு வருஷமா இந்தச் சுவத்தைக் காட்டிப் பெருமை அடிச்சே. அதோட முதுகு எப்படி இருக்குன்னு இப்பப் பார்ப்போம். நான் போய் அவங்க ரெண்டு பேரையும் கூட்டிட்டு வரேன்."

"இப்பவா?"

"பின்ன? நல்ல நேரம் பார்த்துச் சொல்லவா?"

எட்டங்குலமும், தீக்குப் பிறகு அவர் அறையிலேயே தங்கியிருந்த பாரமும் வந்து நின்றார்கள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. அவர்கள் முன்னால் மறுபடி சொன்னேன். வாளி, சாயம், சொட்டு எல்லாம். இரண்டாம் முறை சொல்வது எளிதாக இருக்கும் என்று நினைத்திருந்தேன்.

"அப்போ உனக்குத் தெரியும்" என்றார் எட்டங்குலம். "அவன் என் மேல பழி போடுறப்போ காகிதத்தைக் கையில வாங்கிட்டு நின்னியே, அப்பவும் தெரியும்."

"தெரியும்ணே."

"என்னை அண்ணேன்னு கூப்பிடாதே."

பாரம் அறையின் குறுக்கே நடந்து வந்து என் எதிரில் நின்றான். அவன் கழுத்தில் காலையில் தூக்கிய பலகையின் விளிம்பு பதிந்து சிவந்திருந்தது.

"அவ முதுகுல தோல் இல்லைக்கா" என்றான். "உனக்குத்தான் எதையும் மூடத் தெரியுமே. வந்து பட்டி போட்டு மூடித் தரியா?"

நான் திரும்பி, ரம்பத்தின் நுனியைச் சுவரில் வைத்துக் குத்தினேன். அது வெண்ணெயில் இறங்குவதுபோல் இறங்கியது. நல்ல பலகை அப்படி இறங்கவிடாது. பக்கத்துக்கு இரண்டு சாண் இருக்கும்படி சதுரமாக அறுத்தேன். என் மூன்று கை பட்டியும் ஒரு கை கூடுதலும் மாவாக என் காலில் கொட்டின. துண்டை வெளியே இழுத்துத் திருப்பினேன்.

தீ தாங்கும் பலகையின் முதுகில் சிவப்பு எழுத்து இருக்கும். இதில் நீலம். சாதாரண அறைத் தடுப்புக்கு என்று அச்சடித்திருந்தது. முகப்பில் பெயின்டைச் சுரண்டினால் ரோஸ் வந்தது, ரோஸை எச்சில் தொட்டுச் சுரண்டினால் கீழே வெளிறிய காகிதம் வந்தது. எட்டங்குலம் துண்டின் ஒரு மூலையை ஒடித்தார். ரொட்டி மாதிரி ஒடிந்தது. ஒரு நார்கூட இல்லை.

அவர் அந்த உடைந்த மூலையைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"எனக்கும் தெரியும்" என்றார்.

"என்ன?"

"ஸ்குரூ. இந்த வரிசைக்குக் கொடுத்த ஸ்குரூ நீளம் கம்மி. பலகை மெலிசா இருந்தாத்தான் அந்த நீளம். நான் கேக்கல. எட்டு அங்குலத்தை மட்டும் பார்த்துக்கிட்டேன். என் கையில இருக்குற வேலை சரியா இருந்தாப் போதும்னு..." குச்சியைக் காதிலிருந்து எடுத்து, அது யாருடையதோ என்பதுபோல் பார்த்தார்.

"அந்த வாரம் நாலு மணிக்கே வேலை முடிஞ்சுது" என்றான் பாரம், சுவரிலிருந்த ஓட்டையைப் பார்த்தபடி. "பலகை லேசா இருக்கு, புது சரக்குபோலன்னு பேசிக்கிட்டோம். தினமும் சீக்கிரம் வீட்டுக்குப் போனேன். அவகிட்டயே சொன்னேன், முதலாளி நல்ல சாமான் வாங்கியிருக்கார், கழுத்து வலியே இல்லன்னு." அவன் சிரிக்கப் பார்த்தான், வரவில்லை. "என் தலைதானே தூக்குச்சு. என் தலைக்குத் தெரியாதா?"

நாலு பேரும் அந்த ஓட்டையைச் சுற்றி நின்றோம். உள்ளே இரும்புச் சட்டமும் இருட்டும். அதற்கு அப்பால் எட்டாம் அறைப் பலகையின் முதுகு. அதிலும் நீல எழுத்து.

"ஒரு ஓட்டை பத்தாது" என்றாள் நாத்தனார். "நாங்களே மாத்தி வச்சோம்னு சொல்லுவான். மாத்தாம நிக்கிற பழைய சுவரு நாலு இருக்கு. நாலையும் வெட்டணும். அவங்கவங்க சுவத்த அவங்கவங்கதான் வெட்டணும்."

"வெட்டினா வீட்டை விட்டுத் துரத்த அதுவே போதும்" என்றார் எட்டங்குலம். "சொத்துக்குச் சேதம்னு எழுதிக் கொடுத்துருவான்."

"வெட்டாட்டி? உள்ளயே படுத்து வேகலாம். அது சேதத்துல சேராது, பயப்படாதீங்க."

பாரம் என் கையிலிருந்து ரம்பத்தை வாங்கினான். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்: "உன்கூட நான் பேசமாட்டேன்க்கா. எப்போ பேசுவேன்னும் தெரியாது. ஆனா நாளைக்கு உன் பக்கத்துலதான் நிப்பேன்."

நாத்தனார் கதவு கதவாகப் போனாள். ஆறாம் அறைக்காரர்கள் சாமான்களை நகர்த்தி வைத்துவிட்டு நாங்கள் போய் நிற்பதற்கு முன்பே அறுக்கத் தொடங்கினார்கள். இரண்டும் மூன்றும் கொஞ்சம் வாதாடிவிட்டுச் சம்மதித்தன. முதல் அறையில் இருக்கும் டைல்ஸ்காரர் கதவைப் பாதிதான் திறந்தார். "எனக்கு ரெண்டு பொம்பளைப் பிள்ளைங்க. மழைக்காலம் வேற வருது. என்னை விட்டுடுங்க" என்று சாத்திக்கொண்டார். ஒன்றுக்கும் இரண்டுக்கும் நடுவிலிருந்த சுவர் மட்டும் முழுதாக நின்றது. அவரைக் கோழை என்று பாரம் திட்டினான். என்னால் திட்ட முடியவில்லை. அந்தப் பாதிக் கதவில் நான் என்னைப் பார்த்தேன்.

காலையில் ஒன்பது மணிக்கு முதலாளி வந்தார். நாங்கள் வாசல்களில் வரிசையாக உட்கார்ந்திருந்தோம். ஒவ்வொருவர் மடியிலும் ஒரு சதுரத் துண்டு, முதுகு மேலே தெரியும்படி. அவர் திறந்திருந்த கதவுகள் வழியாக உள்ளே பார்த்தார். ஆறாம் அறை வாசலில் நின்றால் இரண்டு சுவரையும் கடந்து, எட்டாம் அறை அடுப்பில் கொதிக்கும் உலைவரை தெரிந்தது.

"என்ன கூத்து இது?"

"சீலிங்கை அளக்க முடியாதுன்னீங்க" என்றார் எட்டங்குலம். "சுவத்தை அளக்கலாமேன்னுதான்."

"யார் வீட்டுச் சுவரை யார் வெட்டுறது? போலீசைக் கூப்பிட்டேன்னா..."

"கூப்பிடுங்க. கையோட ஒரு அளவு டேப்பும் கொண்டுவரச் சொல்லுங்க."

முதலாளி என்னிடம் வந்தார். "காகிதம் எங்கே?"

மடியிலிருந்த துண்டோடு சேர்த்துக் கொடுத்தேன். வெறும் கோட்டில் என் பட்டி விரலின் வெள்ளைத் தடம் மட்டும் இருந்தது. கறை படக்கூடாது என்று சொல்லியிருந்தார்.

"நீயும் மாட்டுவே தெரியுமா? கலர் அடிச்சது நீ."

"ஆமாங்க. அதை நானே அதிகாரிகிட்ட சொல்லிடுறேன். சொட்டுக் கணக்குகூட ஞாபகம் இருக்கு."

முதல்முறையாக அவர் குரல் உயர்ந்தது. "சாயங்காலத்துக்குள்ள எல்லா வீடும் காலியாகணும். சாமானைத் தெருவுல எறியச் சொல்லுவேன். ஒருத்தனுக்கும் இந்த ஊர்ல வேலை கிடைக்காது. நாலு சுவருல ஒண்ணு முழுசா இருக்கில்ல? அதைக் காட்டுறேன் நான். அது நல்ல பலகைதான்னு அந்த வீட்டுக்காரன் சொல்லுவான். டைல்ஸ்காரா! வெளிய வாடா!"

முதல் அறைக் கதவு திறக்கவில்லை.

எல்லோரும் அந்தப் பக்கம் பார்த்தோம். முதலாளி மறுபடி கூப்பிட்டார். உள்ளேயிருந்து ஒரு சத்தம் வந்தது. காலமெல்லாம் கேட்டுப் பழகிய சத்தம்தான் என்பதால் எனக்கு உடனே பிடிபட்டது. டைல்ஸ்காரரிடம் பலகை ரம்பம் கிடையாது. இரும்பறுக்கும் சின்ன ரம்பத்தால், பழக்கமில்லாத கையால், விட்டு விட்டு அறுத்துக்கொண்டிருந்தார்.

இரண்டாம் அறைச் சுவரில் ஒரு பொட்டு வெள்ளைத் தூள் உதிர்ந்தது. ரம்பத்தின் நுனி வெளியே வந்தது, உள்ளே போனது, மறுபடி வந்தது.

"நிறுத்துடா!" என்று கத்தினார் முதலாளி.

பாரம் எழுந்தான். அவர் தோளை உரசிக்கொண்டு இரண்டாம் அறைக்குள் போனான். பலகைத் துண்டு கீழே விழுந்து உடைந்துவிடாமல் இந்தப் பக்கத்திலிருந்து இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துத் தாங்கிப் பிடித்துக்கொண்டான். நான் என் ரம்பத்தை எடுத்துக்கொண்டு அவன் பக்கத்தில் போய் நின்றேன். அவன் என்னைப் பார்க்கவில்லை. வெட்ட வேண்டிய கோட்டிலிருந்து ஒரு விரலை மட்டும் நகர்த்தி வழிவிட்டான்.

தெருமுனையில் ஒரு வண்டி திரும்பும் சத்தம் கேட்டது. அதிகாரியின் வண்டியோ, சாமானை எறிய வரும் வண்டியோ தெரியவில்லை. நாங்கள் அறுத்துக்கொண்டிருந்தோம்.